ஆயிரம் நாள் தொட்ட கை

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே வெண்குன்றம் என்று ஒரு நாடு இருந்தது. நாட்டுக்கு ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு நாய்க் கொட்டில். கொட்டிலில் பன்னிரண்டு வேட்டை நாய்கள். பன்னிரண்டு நாய்களுக்கும் ஒரே ஒரு கொட்டில்காரி.

கொட்டில்காரிக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் கதையின் கடைசியில்தான் சொல்ல முடியும். ஏனென்று இப்போதே விளங்கிவிடும்.

அவளுக்கு நடந்த அநியாயங்கள் ஐந்து. நடந்த வரிசையிலேயே கேளுங்கள். முன்னதைப் பின்னதாகச் சொன்னால், செய்தவர்கள் நடுவில் புகுந்து நழுவிவிடுவார்கள்.

முதல் அநியாயம். பதினைந்து வயதில் அவள் வேலை கேட்டுக் கோட்டை வாசலில் வந்து நின்றாள். அமைச்சர் ஏகம்பனார் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்தார். "பெயர்?" என்றார். சொன்னாள். அவர் ஓலையைப் புரட்டிப் பார்த்தார். "நாய்களின் பட்டங்களை எழுதவே இடம் போதவில்லை" என்று சொல்லி, "கொட்டில்காரி ஒருத்தி" என்று எழுதி முடித்தார். அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை பெயர் விழா நடக்கும். கட்டியக்காரர் முற்றத்தில் நின்று, ஊரைச் சாட்சியாக வைத்து, அரண்மனை நாய்களின் பெயர்களைப் பட்டத்தோடு வாசிப்பார். நாய்களின் பெயர் நாட்டுக்கே தெரியும். அவற்றை வளர்த்தவள் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாம் அநியாயம். கொட்டில் கிணற்றடியில் இருந்தது. அங்கே மல்லிகைப் பந்தல் போட வேண்டும் என்று கொட்டிலைக் குதிரை லாயத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். கிணற்றுக்கும் கொட்டிலுக்கும் அறுநூறு அடி தூரம். "நாய்க்குத்தானே தண்ணீர், நேற்று வைத்தது போதாதா?" என்றார் ஏகம்பனார். போதாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, கல்தொட்டிகளை வழுவழுப்புப் போகத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினாள். அவள் இடுப்பில் குடம் வைத்த இடம் காய்த்துப் போனது.

மூன்றாம் அநியாயம். ஆண்டுக்கு இருமுறை, நாய்கள் நன்றாக இருக்கும்போதே வைத்தியரை வரவழைத்துக் காட்ட வேண்டும் என்று அவள் சபையில் கேட்டாள். "நோய் இல்லாத நாய்க்கு வைத்தியர்! அடுத்து என்ன, தாடி இல்லாதவனுக்கு நாவிதரா?" என்றார் ஏகம்பனார். சபை சிரித்தது. ராஜா பரிதிமாறனும் சிரித்தார்.

நான்காம் அநியாயம். ஒரு கோடையில் நாடு முழுவதும் நாய்களுக்குக் கொள்ளைநோய் வந்தது. அந்த வாரம்தான் பக்கத்து நாட்டு அரசர் ஒரு புது நாயைப் பரிசாக அனுப்பியிருந்தார். கொட்டில்காரி அதை மற்ற நாய்களோடு சேர்க்கவில்லை. தனிக் குடிசை, தனித் தொட்டி, தனி வட்டில் என்று நாற்பது நாள் ஒதுக்கி வைத்தாள். புது நாய்க்கு நோய் வந்து தீர்ந்தது. கோட்டை நாய் ஒன்றுகூடச் சாகவில்லை. சிறந்த நிர்வாகத்துக்காக ராஜா பட்டுச் சால்வை போர்த்தினார், ஏகம்பனாருக்கு.

ஐந்தாம் அநியாயம்தான் கதை.

அதற்குமுன் கொட்டில்காரியின் காலைப்பொழுதைப் பார்த்துவிடுங்கள். விடிந்ததும் கொட்டில் கதவைத் திறப்பாள். ஒவ்வொரு நாயின் முன்னும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, "நான்தான் வந்திருக்கிறேன்" என்பாள். பிறகு கண்ணைப் பார்ப்பாள், காதைப் பார்ப்பாள், காலிடுக்கைப் பார்ப்பாள். உதட்டைத் தூக்கி ஈறும் பல்லும் பார்ப்பாள். விலா எலும்பைத் தடவி, சதை போட்டிருக்கிறதா, வற்றியிருக்கிறதா என்று பார்ப்பாள். மரச்சீப்பால் வாருவாள். உண்ணி இருந்தால், முடி பிடுங்கும் சின்னச் சாமணத்தால் அடியோடு பிடித்து இழுத்து உப்புத் தண்ணீரில் போடுவாள். நகம் வளர்ந்திருந்தால் நறுக்குவாள். படுக்கைச் சாக்குகளை வெயிலில் உதறிப் போடுவாள். இதில் ஒன்றையும் ஒருநாளும் விட்டதில்லை.

கை வேலை செய்யும், வாய் பேசும். முதல் நான்கு நாய்களை வாரும்போது நான்கு அநியாயங்களையும் வரிசையாகச் சொல்வாள். நாய்கள் காதைச் சாய்த்துக் கேட்கும். மீதி எட்டு நாய்களிடம் நன்றிகளைச் சொல்வாள். அதற்கு வரிசை கிடையாது. கவிழாத வட்டில் வனைந்து கொடுத்த குயவருக்கு நன்றி. நிழலுக்கும் இலைக்கும் வேப்பமரத்துக்கு நன்றி. யாரும் அழைக்காமலே பின்மதில் வழியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வைத்தியர் ஆதிமூலருக்கு நன்றி. கடைசி நாய் கருவாலி. அதன் முறை வரும்போது கொட்டில்காரியின் குரல் இறங்கிவிடும். ஒரு மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, குட்டியாக இருந்த கருவாலி மூன்று நாள் அவள் பாதத்தின் மேலேயே படுத்திருந்தது. எழுந்து போகவே இல்லை. "உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் கணக்கு நேராகாதடா" என்பாள். கருவாலி கொட்டாவி விடும்.

இப்போது ஐந்தாவது.

ஒரு பெயர் விழா முடிந்த மறுநாள், சூலகண்டன் என்ற மந்திரவாதி கோட்டைக்கு வந்தான். நிலாநிற அங்கி. ஒரு நரைகூட இல்லாத தலை. கையில் பன்னிரண்டு தாயத்துகள்.

"மன்னா, இந்தத் தாயத்தைக் கட்டிய நாயை நோய் அண்டாது" என்றான். "குளிப்பாட்ட வேண்டாம். வார வேண்டாம். பத்தியம் வேண்டாம். ஓராண்டு, அடுத்த பெயர் விழாவின் உச்சிப்பொழுது வரைக்கும், யாரும் தொடாமல் இருந்தால் போதும்."

"தொட்டால்?"

"மந்திரம் கெடும்."

பன்னிரண்டு நாய்களின் கழுத்திலும் தாயத்து ஏறியது. ஏறிய கணத்தில் அவற்றின் உடம்பு கண்ணாடிபோல் மின்னியது. ராஜா உப்பரிகையிலிருந்து பார்த்தார். அவர் எப்போதும் அங்கிருந்துதான் பார்ப்பார்.

"பளபளக்கிறதா?" என்றார்.

"பளபளக்கிறது, மன்னா" என்றது சபை.

அன்றே முரசறைந்தார்கள். தாயத்து கட்டிய நாயைத் தொடுகிற கை வெட்டப்படும். கொட்டில்காரியின் சீப்பையும் சாமணத்தையும் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். சீப்பைக் கொடுத்தாள். சாமணம் கொண்டைக்குள் இருந்தது. கொண்டைக்குள் தேட அவர்களுக்குத் தோன்றவில்லை.

பதினான்கு ஆண்டுகளாக அவள் செய்த வேலை வீண் என்று ஒரே முரசில் சொல்லிவிட்டார்கள். அதுதான் ஐந்தாவது.

அதன்பிறகு அவள் வாசலில் நின்று நீண்ட அகப்பையால் சோறு எறிந்தாள், மூங்கில் குழாயால் தண்ணீர் விட்டாள். நோய்தான் அண்டாதே என்று அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து மிச்சமெல்லாம் கொட்டிலுக்கு வர ஆரம்பித்தது. திராட்சை போட்ட பாயசம், வெங்காயக் குழம்பு, நெய் மிதக்கும் பொங்கல். "இது நாய்க்கு ஆகாது ஐயா" என்று தடுத்தாள். "தாயத்து பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். முடிந்ததை வாசலிலேயே கவிழ்த்தாள். அவள் தண்ணீருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

வாரம் ஒருமுறை நாய்கள் உப்பரிகைக்குக் கீழே அணிவகுத்துப் போகும்.

"பளபளக்கிறதா?"

"பளபளக்கிறது, மன்னா."

பளபளக்கத்தான் செய்தது. கொட்டில்காரியும் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு முனகல் இல்லை, ஒரு நொண்டல் இல்லை. தன் வேலை வீண்தானோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் நாய்கள் நன்றாக இருந்தால் சரி என்று அந்த வலியை விழுங்கிக்கொண்டாள். தூரத்தில் நின்றபடியே தன் பெயரைச் சொல்லி, "நான்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்வதை மட்டும் அவள் விடவில்லை. பேசக்கூடாது என்று முரசில் சொல்லவில்லையே.

பெயர் விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் கொட்டில் வாசலைக் கூட்டப் போனவள், துடைப்பத்தை ஓங்கியபடியே நின்றுவிட்டாள். கருவாலி அப்போதுதான் வாசலைக் கடந்து போயிருந்தது. நான்கு காலும் சீராக ஊன்றி நடந்ததைக் கண்ணால் பார்த்தாள். புழுதியில் மூன்று கால்தடம்தான் இருந்தது. வலது பின்னங்காலின் தடம் இல்லை.

மந்திரத்தை நாயின் மேல்தான் போட்டிருந்தார்கள். புழுதியின் மேல் போட மறந்திருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். ஒரு தொட்டி குடிக்கிற நாய் மூன்று தொட்டி குடித்திருந்தது. சோற்றைப் பார்த்தாள். மென்று துப்பிய எலும்பில் ரத்தம். நாயைப் பார்த்தாள். பளபளத்தது.

துடைப்பத்தைக் கீழே போட்டாள். உள்ளே போய்க் கருவாலியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பார்த்துப் பயனில்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள். வெட்டப் போகும் கையை நீட்டி நாயைத் தொட்டாள்.

விலா எலும்பு ஒவ்வொன்றும் விறகுபோல் கையில் தட்டியது. காதுக்குள் ஈரம், கெட்ட வாடை. காலிடுக்கில் புண். புண்ணின் ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு என்னவோ. கொண்டையிலிருந்து சாமணத்தை உருவி அதன் அடியில் பிடித்தாள்.

"அக்கா, அக்கா, இழுக்காதே" என்றது அது.

கண்ணைத் திறந்தாள். நாயின் பளபளப்பில் ஒன்றும் தெரியவில்லை. சாமணத்தின் நுனியிலிருந்துதான் குரல் வந்தது. அவள் பிடி தளரவில்லை.

"உண்ணி பேசுமா?"

"மந்திர ரத்தம் குடித்தால் பேசும், அக்கா. பதினோரு மாதத்துக்கு மேலாகிறது. குளியல் இல்லை, சீப்பு இல்லை, தேடி வருவார் யாரும் இல்லை. எங்கள் குலத்துக்கு இப்படி ஒரு பொற்காலம் வாய்த்ததே இல்லை. சூலகண்டனுக்குக் கோயில் கட்டலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்."

"தாயத்து என்ன செய்கிறது?"

"சொன்னால் விட்டுவிடுவாயா?"

"வாக்கெல்லாம் கொடுக்க மாட்டேன். இந்தக் கணம் இழுக்காமல் இருக்கிறேன். அவ்வளவுதான்."

உண்ணிக்குத் தன் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "தாயத்து நோயைத் தடுக்காது, அக்கா. மறைக்கும். புண்ணை மறைக்கும், நொண்டலை மறைக்கும், முனகலை விழுங்கும். தொட்டால் கைக்குத் தெரிந்துவிடும், அதற்குத்தான் தொடாதே என்றான். புண், நொண்டல், முனகல் மூன்றையும் ஓராண்டு மறைத்தால், உச்சிப்பொழுதில் நாயின் உயிர் தாயத்துக்குள் போய்விடும். பன்னிரண்டு உயிரையும் சூலகண்டன் விழாவுக்கு வந்து குடிப்பான். முந்நூறு வருடமாக இப்படித்தான் நாடு நாடாகக் குடிக்கிறான். நரை இல்லாத தலையைப் பார்த்தாயே."

"இப்போதே அவிழ்த்துவிடுகிறேன்."

"அவிழ்த்தால் முடிச்சோடு உயிரும் போகும். கட்டியவன் கண் முன்னால் அவிழ்க்க வேண்டும். அதுவும் எந்தக் கையாலும் முடியாது. அந்த நாயின் காதை ஆயிரம் நாள் தடவிய கைக்குத்தான் முடிச்சு இளகும். ஒன்று இளகினால் பன்னிரண்டும் இளகும், எல்லாம் ஒரே நூல். ஆனால் அரண்மனையில் எவன் அக்கா நாய்க் காதை ஆயிரம் நாள் தடவியிருக்கப் போகிறான்?" என்று சொல்லி உண்ணி சிரித்தது. "அதுதான் அவனுக்குப் பயமே இல்லை."

கொட்டில்காரி விரலை மடக்கிப் பார்த்தாள். கருவாலிக்குத் தாயத்து கட்டியபோது வயது ஐந்து. ஒருநாளும் விட்டதில்லை.

"ரொம்ப நன்றி" என்று உண்ணியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, பதமாக இழுத்து உப்புத் தண்ணீரில் போட்டாள்.

அந்த மூன்று நாளும் அவளுக்கு மூன்று யுகம். சபைக்குப் போய்ச் சொன்னால், தொட்டாயா என்று முதலில் கையை வெட்டுவார்கள். வெட்டிய கையால் முடிச்சை அவிழ்க்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பின்மதிலுக்கு வந்த வைத்தியர் ஆதிமூலரிடம் மட்டும், "விழா அன்று பெட்டியோடு வந்து நில்லுங்கள், ஐயா" என்றாள். "யார் அழைத்ததாகச் சொல்வது, தாயி?" என்றார் அவர். "நாய்கள்" என்றாள்.

விழா நாள் வந்தது. முற்றம் கொள்ளாத கூட்டம். உப்பரிகையில் ராஜா, அவருக்கு வலப்பக்கம் பட்டுச் சால்வையோடு ஏகம்பனார், இடப்பக்கம் சூலகண்டன். கீழே பன்னிரண்டு நாய்கள் வெயிலில் மின்னின.

"பளபளக்கிறதா?"

"பளபளக்கிறது, மன்னா."

கட்டியக்காரர் வாசிக்கத் தொடங்கினார். கொடிமரத்தின் நிழல் குறுகிக்கொண்டே வந்தது. பதினோரு பெயர் முடிந்து, "வேட்டைத் திலகம் கருவாலி" என்றபோது நிழல் மரத்தடியில் ஒரு சாண்தான் இருந்தது. கொட்டில்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்கக் கருவாலியின் காதில் கை வைத்தாள்.



"அந்தக் கையை வெட்டு" என்றார் ஏகம்பனார்.

"வெட்டலாம், ஐயா. கை எங்கேயும் ஓடிப்போகாது, என்னோடுதான் இருக்கிறது" என்றாள் கொட்டில்காரி. "அதற்கு முன்னால் மன்னர் கீழே இறங்கி வரட்டும். வந்து, கண்ணை மூடிக்கொண்டு இந்த நாயை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால் நானே கையை நீட்டுகிறேன்."

"மன்னர் நாயைத் தொடுவதா? மந்திரம் கெட்டுவிடும், மன்னா" என்றான் சூலகண்டன். அவன் பார்வை கொடிமர நிழலின் மேலேயே இருந்தது.

பரிதிமாறன் அதைக் கவனித்தார். சிரிக்கத் தெரிந்த ராஜா என்றாலும் முட்டாள் இல்லை. படியிறங்கி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

முதலில் விலா எலும்பு தட்டியது. பதறிப்போய்க் கண்ணைத் திறந்தார். நாய் பளபளத்தது. மறுபடி மூடினார். காலிடுக்கின் புண் விரலில் ஒட்டியது. மறுபடி திறந்தார். நாய் பளபளத்தது. மூன்றாம் முறை மூடியவர் திறக்கவில்லை. மூடிய கண்ணோடே நாயின் தலையை, காதை, கழுத்தைத் தடவிக்கொண்டு வந்தார். தாயத்து கையில் பட்டது.

"இதைக் கழற்றுங்கள்" என்றார். குரல் வேறாக இருந்தது.

ஏகம்பனார் ஓடிவந்து முடிச்சை இழுத்தார். இறுகியது. ராஜாவே இழுத்தார். இன்னும் இறுகியது. கருவாலிக்கு மூச்சு திணறியது. மேலே சூலகண்டன், "எந்தக் கையும் முயலலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நிழல் நான்கு விரல் அகலம்.

கொட்டில்காரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தன் பெயரைச் சொன்னாள், நாய்க்கு மட்டும் கேட்கும்படி. "நான்தான் வந்திருக்கிறேன்" என்றாள். கண்ணைப் பார்த்தாள், காதைத் தடவினாள், காலிடுக்கைத் தடவினாள். எந்த அவசரமும் இல்லாமல், எல்லாக் காலையும்போல. கருவாலி எல்லாக் காலையும்போலத் தலையைச் சாய்த்துக் கொடுத்தது. முடிச்சு, ஊறிய பயறுபோல இளகி, தானாகக் கழன்றது.

பன்னிரண்டு கழுத்திலிருந்தும் பன்னிரண்டு தாயத்தும் விழுந்தன. பளபளப்பு உரிந்தது. முற்றத்தில் நின்றவை எலும்பும் புண்ணும் சொறியுமான பன்னிரண்டு நாய்கள். பார்த்த ஜனம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஓராண்டாக விழுங்கப்பட்ட முனகல் பதினோரு தொண்டைகளிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டது. அந்தச் சத்தத்தில் உப்பரிகைத் தூண் அதிர்ந்தது. கருவாலி மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது.

சூலகண்டனின் தலை நரைத்தது. பிறகு அரிப்பு வந்தது. முந்நூறு வருடமாக நாடு நாடாக அவன் மறைத்த சொறியும் சிரங்கும் உண்ணிக்கடியும் சொந்தக்காரனைத் தேடி வந்து சேர்ந்தன. சொறிந்துகொண்டே படியிறங்கினான், சொறிந்துகொண்டே கோட்டை வாசலைத் தாண்டினான், சொறிந்துகொண்டே மலைப்பக்கம் ஓடினான். இன்னும் அங்கே சொறிந்துகொண்டுதான் இருக்கிறான் என்று கேள்வி.

மந்திரம் முறிந்ததும் நோயும் பறந்தது என்று சொன்னால் கேட்க இனிக்கும். அப்படி நடக்கவில்லை. நோயை நாய் உடம்பிலிருந்து இறக்க ஒரு மண்டலம் பிடித்தது. நாற்பத்தெட்டு நாளும் கொட்டில்காரியும் வைத்தியர் ஆதிமூலரும் கொட்டிலிலேயே இருந்தார்கள். புண்ணைக் கழுவினார்கள், மருந்திட்டார்கள், உண்ணியை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். கிழட்டு நாய் சாம்பன் மூன்றாம் நாள் அவள் மடியிலேயே போய்விட்டது. மற்றவை தேறின. ராஜா தினமும் வந்தார். முதல் நாள் நின்று பார்த்தார். மறுநாள் உட்கார்ந்தார். நான்காம் நாள், "அந்தச் சீப்பை இப்படிக் கொடு, அம்மா" என்றார். அவர் வாரிய லட்சணம் சகிக்கவில்லை. கொட்டில்காரி, "முடி போகும் பக்கம் வாருங்கள், மன்னா. எதிர்ப்பக்கம் வாரினால் கடிக்கும், ராஜா என்றெல்லாம் பார்க்காது" என்றாள்.

ஒரே ஒரு கவலைதான் அவளுக்கு. கருவாலி குரைக்கவில்லை. முனகவும் இல்லை. தினமும் வாயைத் திறந்து தொண்டையைப் பார்த்தாள். தொண்டை நன்றாக இருந்தது. "ஏதோ சேர்த்து வைத்திருக்கிறது போலிருக்கிறது, தாயி" என்றார் வைத்தியர்.

மண்டலம் முடிந்த மறுநாள் ராஜா மறுபடி சபையை முற்றத்தில் கூட்டினார். ஊர் வந்தது. இந்தமுறை அவர் உப்பரிகை ஏறவில்லை, தரையில் நின்றார். அநியாயங்கள் இப்போது பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஐந்தாவது, தாயத்தோடு போய்விட்டது. நான்காவதுக்கு, ஏகம்பனார் தோளிலிருந்த பட்டுச் சால்வையைத் தானே எடுத்து அவளிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தாள். "ஈரம் நன்றாக உறிஞ்சும், குளிப்பாட்டினால் துவட்ட ஆகும்" என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டாள். மூன்றாவதுக்கு, ஆண்டுக்கு இருமுறை, நாய்கள் நன்றாக இருக்கும்போது வைத்தியர் முன்வாசல் வழியாக வருவார் என்று ஆணை. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவதுக்கு, கொட்டில் கிணற்றடிக்குத் திரும்பும். மல்லிகைப் பந்தலும் அங்கேயே இருக்கட்டும், நிழலுக்கு ஆகும் என்று அவளே சொன்னாள்.

பாக்கி ஒன்றுதான். ஏகம்பனார் ஓலையை விரித்து எழுத்தாணியை எடுத்தார்.

"பெயர் ஓலையில் உன் பெயரை முதல் வரியாக எழுதச் சொல்லியிருக்கிறேன், அம்மா" என்றார் ராஜா. "உன் பெயர் என்ன?"

  பதினைந்து ஆண்டாக அவள் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவள்தான்.  வந்தபிறகு எழுந்தது துக்கமா கர்வமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒருமுறை இதே வாசலில் சொல்லிவிட்டேன், மன்னா" என்றாள். "கேட்டவர் எழுதவில்லை. மறுபடி சொல்வதாக இல்லை. இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும்."

ராஜா ஏகம்பனாரைப் பார்த்தார். ஏகம்பனார் எழுத்தாணியைப் பார்த்தார். தாயி என்றே அழைத்துப் பழகிய வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். சமையற்காரர்களுக்குத் தெரியவில்லை. காவற்காரர்களுக்குத் தெரியவில்லை. அவளிடம் தண்ணீர்க் குடம் வாங்கிக் குடித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நூறு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கம் அந்த முற்றத்தில் வெயிலைவிட அதிகமாகச் சுட்டது.

அப்போது கருவாலி எழுந்தது. வாலில் புது முடி முளைத்திருந்தது. நான்கு காலையும் ஊன்றி நடந்து வந்து அவள் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. ஓராண்டாகத் தாயத்து விழுங்கிய முனகல் முழுவதையும் ஒரு சொட்டு சிந்தாமல் அது சேர்த்து வைத்திருந்தது. மந்திரத்தில் ஊறிய குரல் அது. ஒரே ஒரு சொல் பேசத்தான் அது போதும். பசிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், வலித்தது என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வயது வரை தினமும் காதருகேயும், அதன்பிறகு ஓராண்டு தூரத்திலிருந்தும், காலைதோறும் கேட்ட சொல் ஒன்று அதனிடம் இருந்தது.

கருவாலி வாயைத் திறந்து அவள் பெயரைச் சொன்னது.

கொட்டில்காரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எனக்குத்தானேடா கடன் இருந்தது" என்றாள். கருவாலி பதிலுக்கு ஒரு குரை குரைத்தது. வெறும் நாய்க் குரைப்பு. அதற்குமேல் அது பேசவே இல்லை.

ஏகம்பனார் எழுதினார். எழுத்தாணி ஓலையில் கீறும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. எழுதி முடித்து, கட்டியக்காரரிடம் கொடுக்கப் போனார். "நீங்களே வாசியுங்கள்" என்றார் ராஜா.

ஏகம்பனார் எழுந்து நின்றார். ஓலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். ராஜாவும் வைத்தியரும் ஊரும் பதினோரு நாய்களும் சாட்சியாக, உரக்க வாசித்தார்:

"சிலம்பாயி."